வலிப்புக்குப் பின் தளரும் இதயம்: கேள்வி பதில்

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. நீண்ட நேரம் வலிப்பு வந்தபின் எடுத்த இசிஜியைப் பார்த்து மாரடைப்பு என்றார்கள். ஆஞ்சியோகிராமில் அடைப்பே இல்லை. பிறகு ‘டகோட்சுபோ’ என்றார்கள். இது என்ன நோய், ஐயா?

பதில்: கை கால் வெட்டி இழுக்கும் பெரிய வலிப்பின்போது அட்ரினலின், நார்அட்ரினலின் ஆகிய சுரப்புகள் இரத்தத்தில் பெருக்கெடுக்கின்றன. அந்த வெள்ளத்தைத் தாங்க முடியாமல் இதயத் தசையின் ஒரு பகுதி, பெரும்பாலும் இடது கீழறையின் நுனிப்பகுதி, சுருங்கும் ஆற்றலைச் சில காலம் இழந்துவிடுகிறது. நுனி அசையாமல் உப்பி நிற்க, நுனிக்கு எதிரே மேற்புறம் உள்ள பகுதி மட்டும் வலுவாகச் சுருங்குவதால், அறையின் வடிவம் ஜப்பானிய மீனவர்கள் ஆக்டோபஸ் பிடிக்கப் பயன்படுத்தும் குறுகிய கழுத்துப் பானையைப் போலத் தெரியும். 1990 இல் ஜப்பானிய மருத்துவர்கள் அந்தப் பானையின் பெயரையே நோய்க்கு இட்டார்கள். முதலில் மாரடைப்பு என்று சொன்னதைப் பிழையாகக் கருதாதீர்கள். இசிஜி மாற்றமும் டிரோப்போனின் (இதயத் தசை பாதிக்கப்படும்போது இரத்தத்தில் கசியும் புரதம்) உயர்வும் இரண்டிலும் வரும் என்பதால், இரத்தக் குழாயைப் பார்க்காமல் வேறுபடுத்துவது கடினம். டிரோப்போனின் சற்றே உயர்ந்திருக்க, எக்கோவில், அதாவது இதயத்தின் ஒலியலைப் படத்தில், தசையின் தளர்ச்சி மட்டும் மிகப் பெரிதாகத் தெரியும் அந்தப் பொருத்தமின்மையே எங்களுக்கு முதல் ஐயத்தைத் தருகிறது.

கேள்வி: துக்கத்தால் வரும் ‘உடைந்த இதய நோய்’ என்பதும் இதுதானா? என் தம்பிக்கும் வலிப்புக்குப் பின் இதே நோய் என்றார்கள்; அவனுக்கு எந்தத் துக்கமும் இல்லையே.

பதில்: அதுவேதான். ஆனால் மனத்துயர் மட்டுமே தூண்டுதல் அன்று. 2018 இல் வெளிவந்த பன்னாட்டு வரையறை, மூளை இரத்தக்கசிவு, பக்கவாதம் ஆகியவற்றோடு வலிப்பையும் தூண்டுதலாகக் குறிப்பிடுகிறது. பொதுவாக இந்நோய் மாதவிடாய் நின்ற பெண்களுக்கே மிகுதியாக வருகிறது. வலிப்பைத் தொடர்ந்து வரும்போது ஆண்களின் பங்கு கூடுதலாகக் காணப்படுகிறது.

கேள்வி: நெஞ்சு வலிக்கவில்லை என்று நோயாளி சொன்னால் கவலையை விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிட வேண்டாம், நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது இதைத்தான். வலிப்பு முடிந்த பிறகு நோயாளி குழப்பத்திலும் உறக்கத்திலும் இருப்பதால், தன் நெஞ்சில் என்ன நிகழ்கிறது என்று அவரால் சொல்ல இயலாது. ஆகவே நோயாளியின் சொல்லுக்காகக் காத்திராமல் உடலின் குறிகளைப் பார்க்க வேண்டும். மயக்கம் தெளியாமல் நீடிப்பது, மூச்சு வாங்குவது, இரத்த அழுத்தம் இறங்குவது, நாடித்துடிப்பு சீரற்றுப் போவது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் இசிஜி எடுக்குமாறு கேளுங்கள். அது சில நிமிட வேலை. அதில் மாற்றம் இருந்தால் டிரோப்போனினும் எக்கோவும் தொடரும்.

கேள்வி: இதயம் பழைய நிலைக்குத் திரும்புமா?

பதில்: பெரும்பாலோருக்குச் சில நாள்கள் முதல் சில வாரங்களுக்குள் திரும்பிவிடும். ஆனால் முதல் சில நாள்கள் ஆபத்தானவை: நுரையீரலில் நீர் கோத்தல், இரத்த அழுத்தம் அபாயமாக வீழும் அதிர்ச்சி நிலை, அசையாத நுனியில் இரத்தம் உறைதல், இசிஜியில் க்யூடி இடைவெளி (ஒவ்வொரு துடிப்பிலும் கீழறைகள் மின்னளவில் தூண்டப்பட்டு மீளும் நேரம்) நீண்டு துடிப்பு தாறுமாறாதல் ஆகியவை நேரலாம். சிலருக்கு இரத்தம் வெளியேறும் பாதையே குறுகிவிடும். அவர்களுக்கு இதயத்தை உந்தும் மருந்துகள் தீங்கையே கூட்டும். எனவே எக்கோ பார்க்காமல் அவற்றைத் தொடங்குவது நல்லதன்று.

கேள்வி: வலிப்பு மருந்தே இதயத்தைக் கெடுத்திருக்குமோ என்று அஞ்சி நிறுத்திவிடலாம் என நினைக்கிறேன்.

பதில்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் முன்னிலும் நீண்ட வலிப்பு வரலாம்; இதயத்தை அடித்தது அந்த வலிப்புதான். ஃபெனிட்டாயின், கார்பமஸெபின் போன்ற சில மருந்துகள் இதயத்தின் மின்னோட்டத்தைப் பாதிக்கக்கூடும் என்பது உண்மை. மாற்ற வேண்டுமா என்பதை நரம்பியல் மருத்துவரும் இதய மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். வலிப்பு 5 நிமிடங்களைக் கடந்தால் காத்திராமல் அவசர ஊர்தியை அழையுங்கள்.

கேள்வி: வலிப்பு நோயாளிகள் உறக்கத்தில் திடீரென இறப்பதற்கும் இதுவே காரணமா?

பதில்: அத்தகைய மரணம் ஆண்டுக்கு வலிப்புள்ள பெரியவர்கள் 1000 பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு நேர்கிறது. கண்காணிப்பில் இருந்தபோது பதிவான மரணங்களில், வலிப்புக்குப் பின் மூச்சு முதலில் நிலையாக நின்று, அதன் பிறகே இதயம் நின்றது. டகோட்சுபோவுக்கு அதில் பங்கு உண்டு என்று இதுவரை உறுதியாகவில்லை. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது பெரிய வலிப்பு. அத்தகைய வலிப்புகள் அடங்காமல் தொடர்ந்தால் மருந்தின் அளவை மறுபரிசீலனை செய்யச் சொல்லுங்கள். இரவில் நோயாளியைத் தனியே படுக்க விடாதீர்கள்.