பிராந்திய அமைதிப்படை ஐ.நா.விடம் பொறுப்பைக் கொடுத்தால் பழைய படையினர் எல்லாரும் வீடு திரும்பிவிடுவார்களா?

பெரும்பாலும் இல்லை. நம் திருகோணமலைக்காரருக்குப் படை போவதென்றால் 1990 மார்ச் 24தான் நினைவுக்கு வரும்: இந்திய அமைதிப்படையின் கடைசிப் பிரிவு நம் துறைமுகத்தில் கப்பலேறிய நாள். அது இரு நாட்டு ஒப்பந்தத்தில் வந்த படை, ஐ.நா.விடம் எதையும் ஒப்படைக்கவில்லை, நேரே போய்விட்டது.

நீங்கள் கேட்பது வேறு. சூடானின் டார்பூரை எடுங்கள். அங்கே ஆப்பிரிக்க ஒன்றியப் படைக்குப் பணமும் இல்லை, வாகனமும் போதவில்லை. 2007 ஜூலையில் ஐ.நா. பாதுகாப்புச் சபை புதிய படைக்கு அனுமதி தரும் 1769ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. அந்த ஆண்டின் கடைசி நாளில் ஒன்றியமும் ஐ.நா.வும் சேர்ந்து நடத்தும் கலப்புப் படை பொறுப்பேற்றது.

சரி, மறுநாள் காலையில் என்ன மாறியது? தொப்பி! அதே வீரர்கள், அதே முகாம். ஒன்றியத்தின் பச்சைத் தொப்பி போய் ஐ.நா.வின் நீலத் தொப்பி. சிலர் சொந்தக் காசில் பெயின்ட் வாங்கி ஹெல்மெட்டுக்கு நீலம் அடித்தார்களாம்.

உண்மையான மாற்றம் காகிதத்தில்தான்: யார் கட்டளையிடுவது, யார் செலவைக் கொடுப்பது, எப்போது சுடலாம் என்பவை. 19,555 படையினருக்கு அனுமதி இருந்தும் ஆளும் ஹெலிகொப்டரும் வந்துசேர இழுபட்டது. என்னைக் கேட்டால், தொப்பி மாற்றுவதுதான் அதில் சுலபமான வேலை.