அம்பாசிடர் கூரையோர மழைநீர் மடிப்பை எடுத்துவிடலாமா?

குன்னூரில் பழைய அம்பாசிடர் வைத்திருக்கிறேன், கதவுகளுக்கு மேலே ஓடும் மழைநீர் மடிப்பை வெட்டி வழவழவென்று ஆக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். ஆனால் அது ஒட்டவைத்த அலங்காரப் பட்டை இல்லை. கூரைத் தகடும் பக்கவாட்டுத் தகடும் சேரும் விளிம்பே அதுதான்; இரண்டையும் சேர்த்து ஸ்பாட் வெல்டிங் (புள்ளி புள்ளியாகப் பற்றவைப்பது) அடித்திருப்பார்கள். ஒரே மூச்சில் கிரைண்டரை ஓட்டினால் கூரை உடம்பை விட்டுக் கழன்று நிற்கும்.

அதனால் இரண்டு மூன்று அங்குலம் வெட்டு, அந்த இடைவெளியை உடனே சிஓ2 வெல்டிங்கால் (கரியமில வாயு விட்டுப் பற்றவைப்பது) மூடு, அப்புறம் மறுபக்கம் போ. ஒரே இடத்தில் தொடர்ந்து சுட்டால் தகடு அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். ஆறவிட்டு ஆறவிட்டுத்தான் செய்ய வேண்டும். உள்கூரைத் துணியையும் பேட்டரி இணைப்பையும் முதலில் கழற்றிவிடுங்கள், தீப்பொறி பொல்லாதது.

வெட்டுவதற்கு முன் மடிப்புக்குள் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். செதில் செதிலாகத் துரு உதிர்ந்தால், முதலில் அந்தத் தகட்டை மாற்றும் வேலைதான்.

என்னைக் கேட்டால், நம் மலையில் வேண்டாம். ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொன்று. என் பழைய பத்மினி காரில் ஒரு பக்கம் மட்டும் எடுத்தேன். இப்போது அந்தக் கதவைத் திறந்தால் கூரைத் தண்ணீர் நேராகச் சட்டைக் காலருக்குள் இறங்குகிறது. கண்ணாடியை இரண்டு விரல் இறக்கவும் வழியில்லை. எடுத்தே தீருவேன் என்றால் மார்ச்சில் செய்யுங்கள். ஈரத்தில் போட்ட பட்டி (தகட்டின் மேடுபள்ளத்தை நிரப்பும் பசை), பெயின்டுக்கு அடியில் கொப்புளம் விடும்.