பழைய பிளேஸ்டேஷனும் 40 கேம் அக்கவுண்ட்டும்: வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி (காட்பாடி): படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பும் ஒரு மாணவர் தன் பி.எஸ்.4 ஸ்லிம்மை விற்கிறார். 1 டி.பி. ஹார்டு டிஸ்க், ஒரு கன்ட்ரோலர். "உள்ள 40 கேம் இருக்கு, அக்கவுண்ட் பாஸ்வேர்டும் தந்துடறேன்" என்று சொல்லி விலையைக் கூட்டுகிறார். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: அந்த 40 கேமுக்கு ஒரு ரூபாய்கூட மதிப்புப் போடாதீர்கள். டவுன்லோடு செய்து வாங்கிய கேம், வாங்கியவரின் அக்கவுண்ட்டுக்குக் கிடைத்த உரிமம். மெஷின் கைமாறினால் அது கூடவே வராது. அக்கவுண்ட்டைக் கைமாற்றுவது சோனியின் விதிமுறைக்கு எதிரானது. விதியை விடுங்கள், அந்த அக்கவுண்ட்டின் மெயில் ஐ.டி. அவரிடம் இருக்கும்வரை, நாளைக்கே பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டு போய்விடலாம். டிஸ்க்காகக் கொடுத்தால் காசு கொடுங்கள். விளையாடி முடித்து நீங்களும் விற்கலாம்.

பார்க்கப் போகும்போது உங்கள் பங்குக்கு மூன்று பொருள் எடுத்துப் போங்கள்: ஒரு எச்.டி.எம்.ஐ. கேபிள், இரவல் வாங்கிய ஒரு பி.எஸ்.4 டிஸ்க், ஹாட்ஸ்பாட் போடத் தெம்பான டேட்டா உள்ள போன். முதல் வேலை, அடியில் உள்ள சீரியல் நம்பரும் பில்லில் உள்ள நம்பரும் ஒன்றா என்று பார்ப்பது. அடுத்து நெட்டில் இணைத்து, நீங்களே இலவசமாகத் தொடங்கிய அக்கவுண்ட்டில் உள்ளே போங்கள். சோனி தடை செய்த மெஷின் இந்த இடத்திலேயே முரண்டு பிடிக்கும். பிறகு செட்டிங்ஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து சாஃப்ட்வேர் வெர்ஷனைப் பாருங்கள். வருடக்கணக்கில் பழசாக இருந்து, "அப்டேட் மட்டும் பண்ணிடாதீங்க" என்ற எச்சரிக்கையும் வந்தால், அது ஜெயில்பிரேக் செய்த, அதாவது சோனியின் பூட்டை உடைத்து திருட்டு கேம் ஓட வைத்த மெஷினாக இருக்க வாய்ப்பு அதிகம். 40 கேமும் எங்கிருந்து வந்தன என்பது அப்போது தானாகப் புரியும்.

டிஸ்க்கைப் போட்டு, எடுத்து, மறுபடி போடுங்கள். கேமை இன்ஸ்டால் ஆக விட்டு, ஓடும்போது எச்.டி.எம்.ஐ. கேபிளை லேசாக அசைத்துப் பாருங்கள். படம் விட்டுவிட்டு வந்தால் போர்ட் தளர்ந்திருக்கிறது, சால்டரிங் வேலை காத்திருக்கிறது. கனமான கேம் ஒன்றை 40 நிமிடமாவது ஓட்டுங்கள். ஃபேன் மிக்ஸி மாதிரி கத்தினால் உள்ளே தூசியும், சிப்பின் சூட்டைக் கடத்தப் பூசிய தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோனதும்தான் பெரும்பாலும் காரணம். அது சின்னச் செலவு, விலையில் குறைத்துக் கேளுங்கள். தானாக அணைந்துபோனால் வேண்டாம், வந்துவிடுங்கள்.

எல்லாம் சரியென்றால், பணம் கொடுக்கும் முன் அவரே உங்கள் கண் முன்னால் 'பிரைமரி பி.எஸ்.4' (அவர் அக்கவுண்ட்டின் முதன்மை மெஷின்) என்ற பதிவை நீக்கி, இனிஷியலைஸ் செய்ய வேண்டும், அதாவது உள்ளே இருப்பதை எல்லாம் அழிக்க வேண்டும். அதில் 'குயிக்' போதும். 'ஃபுல்' கொடுத்தால் 1 டி.பி. டிஸ்க்குக்கு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பணத்தை யு.பி.ஐ.யில் அனுப்புங்கள், சீரியல் நம்பர் போட்டு ஒரு சீட்டில் கையெழுத்தும் வாங்குங்கள். வியாபாரியல்லாத தனியாள் தன் பழைய பொருளை விற்பது நுகர்வோர் ஆணையம் வரை போகும் விவகாரம் அல்ல. அந்தச் சீட்டுதான் உங்களுக்கு இருக்கும் பிடி.

கேள்வி (குடியாத்தம்): வேலை முடிந்து வந்தால் இரவில் ஒரு மணி நேரம்தான் விளையாட முடியும். எல்லோரும் புகழும் பெரிய கேம்களை வாங்கி, பாதியில் விட்டுவிடுகிறேன். சமீபத்தில் கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் 'வெண்பா' வாங்கினேன், ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பணம் திரும்பக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது 2 மணி நேரத்துக்குள் என்றால் ஸ்டீம் திருப்பித் தரும். காரணமாக எதை எழுதினாலும் சரி. ஆனால் அடிக்கடி இதையே செய்தால், துஷ்பிரயோகம் என்று கருதி உங்களுக்கு மட்டும் நிறுத்திவிடுவார்கள். கனடாவுக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பத்தை வைத்து, எழுத்து அழிந்துபோன, அம்மாவின் சமையல் குறிப்பிலிருந்து இட்லி அவிக்க வைக்கும் 2023ஆம் ஆண்டு கேம் அது. டொராண்டோவின் சின்ன ஸ்டூடியோ ஒன்று செய்தது. முழுதாக முடித்து ரசித்துவிட்டுக் காசைத் திரும்பக் கேட்பது, இலையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு பில்லில் தகராறு செய்வது போலத்தான்.

பிளேஸ்டேஷன் ஸ்டோரில் இந்தச் சலுகை கிடையாது. 14 நாள் கணக்கு அங்கேயும் உண்டு, ஆனால் டவுன்லோடு தொடங்கிவிட்டாலே போச்சு. ஆட்டோ டவுன்லோடை அணைத்துவிட்டு வாங்குங்கள்.

உங்கள் நேரத்துக்கு எது பொருந்தும் என்பதுதான் நல்ல கேள்வி. 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' அருமையான கேம். ஆனால் கதை மட்டுமே 50 மணி நேரத்துக்குக் குறையாது. தினம் ஒரு மணி நேரம் என்றால் ஏறக்குறைய இரண்டு மாதம். ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்து வந்தால் எந்தப் பட்டன் எதற்கு என்றே மறந்திருக்கும். 100 ஜி.பி.க்கு மேல் டவுன்லோடு வேறு: 40 எம்.பி.பி.எஸ். லைனில் 100 ஜி.பி. இறங்கவே ஐந்தரை மணி நேரம் ஆகும். உங்களுக்கு 'ஹேடிஸ்' பொருந்தும். ஒரு ஆட்டம் அரை மணி நேரம், தோற்றாலும் கதை நகரும். 'ஸ்டார்டியூ வேலி'யில் ஒரு நாள் என்பது நம் கடிகாரத்தில் 15 நிமிடத்துக்குள் முடியும், தூங்கப் போனால் சேவ் ஆகிவிடும். பழைய லேப்டாப்பிலும் ஓடும். அண்ணன் தம்பி இருவராக விளையாட 'இட் டேக்ஸ் டூ' வாங்கினால், ஃப்ரெண்ட்ஸ் பாஸ் மூலம் இன்னொருவர் வாங்காமலே ஆன்லைனில் சேர்ந்துகொள்ளலாம்.

கேள்வி (சத்துவாச்சாரி): மே மாதத்தில் பி.எஸ்.5 'ரொம்பச் சூடு' என்று எச்சரித்து அணைந்துவிடுகிறது. மெஷின் கெட்டுவிட்டதா? இன்வெர்ட்டரில் ஓட்டலாமா?

பதில்: அந்த மெஷின் 5 முதல் 35 டிகிரி வரையிலான அறைக்கென்று செய்தது. நம்ம வேலூர் வெயிலோ 40ஐத் தாண்டும். டி.வி. ஸ்டாண்டின் மூடிய தட்டில் வைத்திருந்தால் தன் சூட்டையே தான் உறிஞ்சும். வெளியே எடுத்து, சுற்றிலும் 10 செ.மீ. இடம் விடுங்கள். பக்கத் தகட்டைக் கழற்றினால் தூசி சேரும் துளைகள் தெரியும். மெஷினை அணைத்து, ஒயரைப் பிடுங்கிவிட்டு, வாக்யூம் கிளீனரால் உறிஞ்சுங்கள். அதற்கு மேல் தெரு முனைக் கடையில் பிரிக்க விடாதீர்கள். சிப்பின் மேல் இருப்பது பேஸ்ட் அல்ல, திரவ உலோகம். மின்சாரம் கடத்தும். வழிந்து போர்டில் பட்டால் மெஷின் கதை முடிந்தது.

இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருந்தால் ஓட்டலாம். பின்னால் உள்ள சுவிட்சை யு.பி.எஸ். மோடில் வையுங்கள், சாதாரண மோடில் மாறும் அந்தக் கணத்தில் மெஷின் அணைந்துவிடலாம். கரண்ட் அடிக்கடி போகும் தெருவில் ரெஸ்ட் மோடு (மெஷினை அரைத்தூக்கத்தில் வைப்பது) வேண்டாம், முழுதாக அணையுங்கள். திடீரென்று கரண்ட் போய் மெஷின் சரியாக எழவில்லை என்றால், பவர் பட்டனை இரண்டாவது பீப் வரும்வரை அழுத்திப் பிடித்து சேஃப் மோடுக்குப் போய், டேட்டாபேஸை ரீபில்டு செய்யுங்கள். கன்ட்ரோலரை யு.எஸ்.பி. ஒயரில் இணைத்தால்தான் அங்கே வேலை செய்யும்.

கேள்வி (ஆற்காடு): புதுக் கன்ட்ரோலர் வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஸ்டிக்கைத் தொடாமலே ஆள் நடக்கிறான். கடைக்காரர் 'விற்ற பொருள் வாபஸ் பெறப்பட மாட்டாது' என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார்.

பதில்: அந்த வரி உங்களைக் கட்டுப்படுத்தாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் கால அளவு எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாள் கணக்கு. உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதனால் இன்றே கோளாறை வீடியோ எடுத்து, கடைக்கு எழுத்தில் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பும் சாட்சிதான். கன்ட்ரோலரின் பின்துளையில் ஊசியை 5 விநாடி அழுத்தி ரீசெட் செய்து பார்த்ததையும் அதில் சேருங்கள், "ரீசெட் பண்ணீங்களா?" என்று அலைக்கழிக்க இடமிருக்காது. நீங்களாகப் பிரிக்க வேண்டாம், வாரண்டி போய்விடும். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்: நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை, 2 வருடம் அவகாசம்.

கேள்வி (ஆம்பூர்): பையன் என் போனில் துப்பாக்கி கேமில் உடை வாங்கப் பணம் கட்டிவிட்டான்.

பதில்: வாங்கி 48 மணி நேரம் ஆகவில்லை என்றால் உடனே கூகுள் பிளேயில் ரீஃபண்ட் கேளுங்கள். நேரம் தாண்டினால் கேம் கம்பெனியிடம்தான் கேட்க வேண்டியிருக்கும். பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் ஒவ்வொரு வாங்குதலுக்கும் சரிபார்ப்பு கேட்கும்படி மாற்றுங்கள். யு.பி.ஐ.யில் போயிருந்தால் பின் நம்பர் அவனுக்குத் தெரிந்திருக்கலாம், அதை முதலில் மாற்றுங்கள்.