மீன் முள்ளுக்கு ஆபரேஷனா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, மேல் பல்செட் உண்டு. சங்கரா மீன் சாப்பிட்ட 5-ம் நாள் வலது அடிவயிற்றில் வலி, காய்ச்சல். எக்ஸ்-ரேயில் ஒன்றுமில்லை, சி.டி. ஸ்கேனில் முள் சிறுகுடலைத் துளைத்திருக்கிறதாம். விழுங்கியதே அவருக்கு நினைவில்லை. தானாக வந்துவிடாதா?
- வாசகி, நாகப்பட்டினம்

பதில்: விழுங்கி இரைப்பைக்கு இறங்கிய பொருட்களில் நூற்றுக்கு 80, 90 மலத்தோடு போய்விடும். ஆனால் குடலைத் துளைத்து, காய்ச்சலும் வந்த பிறகு அந்தக் கணக்கு செல்லாது. ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள்.

பல்செட் அண்ணத்தை மூடிவிடுவதால் முள் உறுத்துவது தெரியாது, பலருக்கும் நினைவிருக்காது. எக்ஸ்-ரேயில் மெல்லிய முள் பெரும்பாலும் படாது. சி.டி.யில் வெள்ளைக் கீற்றாகத் தெரியும், பக்கத்துக் குடல் தடித்திருக்கும். சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் வலப்பக்கம்தான் முள் அதிகம் சிக்குமிடம். குடல்வால் என்று நினைத்து வயிற்றைத் திறந்தால் முள் கிடைப்பதும் உண்டு.

முள் இரைப்பையில் இருந்தால், வாய்வழியே குழாய் விடும் எண்டோஸ்கோப்பியிலேயே எடுக்கப் பார்ப்பார்கள். அப்பாவுக்கு முள் நிற்கும் இடத்துக்கு அந்தக் குழாய் எட்டாது. சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பியிலோ, சீழ் பரவியிருந்தால் வயிற்றைத் திறந்தோ முள்ளை எடுத்து, துளையின் நைந்த ஓரத்தை நறுக்கிவிட்டு, குறுக்குவாக்கில் தைப்பார்கள். நீளவாக்கில் தைத்தால் அந்த இடத்தில் குடல் குறுகிவிடும். குடல் அழுகியிருந்தால் அத்துண்டையே வெட்டி, இரு முனைகளையும் இணைப்பார்கள். பிறகு வயிற்றின் உட்புறத்தை வெதுவெதுப்பான சலைனில் கழுவுவார்கள். எடுத்த முள்ளின் நீளம் ஸ்கேனில் அளந்ததோடு ஒத்துப்போகிறதா என்று அவசியம் கேளுங்கள். முறிந்த துண்டு தங்கினால் மறுபடி சீழ் கட்டும்.

ஆபரேஷன் வரை தண்ணீர்கூட டாக்டரைக் கேட்டுத்தான். சோற்றுருண்டை, வாழைப்பழம், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். குத்தி நிற்கும் முள்ளை இவை கழற்றிவிடாது.

கேள்வி: 3 வயதுப் பேரன் பொம்மையிலிருந்த 2 காந்த உருண்டைகளை விழுங்கிவிட்டான். வலி இல்லை, விளையாடுகிறான். நாணயம்போல இதுவும் வந்துவிடுமா?
- வாசகர், தேனி

பதில்: காத்திருக்காதீர்கள், இப்போதே கிளம்புங்கள். ஒரே காந்தம் என்றால் பெரும்பாலும் போய்விடும். இரண்டென்றால் குடலின் வெவ்வேறு மடிப்புகளில் நின்று ஒன்றையொன்று இழுக்கும். இடையில் நசுங்கும் குடல்சுவர் ரத்தமில்லாமல் அழுகி ஓட்டையாகும். வலி வரும்போது ஓட்டை விழுந்திருக்கக்கூடும். இரைப்பையில் இருக்கும்போதே போனால் எண்டோஸ்கோப்பியோடு முடியும். எக்ஸ்-ரே ஒரு கோணத்தில் போதாது: ஒட்டிய இரண்டும் நேர்ப்படத்தில் ஒன்றாகத் தெரியலாம், பக்கவாட்டுப் படமும் கேளுங்கள். அதே பொம்மையின் மீதி உருண்டைகளையும் எண்ணிக் கையோடு கொண்டுபோங்கள்.