புரட்டாசி மழையில் நாலு பேர் நடக்கக் கிளம்பினால்

(வாசகர் கேள்வி – பதில்)

கல்லூரிக் காலத் தோழிகள் நாலு பேர் வாரம் ஒருநாள் சேர்ந்து நடக்கிறோம். மழை ஆரம்பித்துவிட்டது, நிறுத்த மனமில்லை. எந்த நேரம், எந்த வழி நல்லது?
– வாசகி, தண்டையார்பேட்டை

நிறுத்தவே வேண்டாம். புரட்டாசி மழைக்குப் பெரும்பாலும் ஒரு நேரக்கணக்கு உண்டு. பகலெல்லாம் வெயில் காய்ந்து, மேற்கே மேகம் திரண்டு, சாயங்காலமோ ராத்திரியோ இடியோடு கொட்டும். விடிந்தால் மிஞ்சிப்போனால் தூறல்தான். அதனால் இப்போதைக்குக் காலை ஆறிலிருந்து எட்டு மணி வரை உங்களுடையது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் கணக்கு மாறிவிடும். கடலிலிருந்து வரும் அந்த மழை பின்னிரவிலும் விடியற்காலையிலும்தான் வலுக்கும். அப்போது முற்பகலில் மழை விட்ட இடைவெளி பார்த்துக் கிளம்புங்கள்.

வழி என்று கேட்டால், திருவொற்றியூர் நெடுஞ்சாலை. புது வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் தொடங்கி டோல்கேட், காலடிப்பேட்டை தாண்டித் தேரடி வரை. மழைக்காலத்தில் வழியைத் தேர்ந்தெடுக்கும்போது எங்கே போய்ச் சேருவோம் என்பதைவிட, எங்கெங்கே விலகிக்கொள்ள முடியும் என்றுதான் பார்க்க வேண்டும். 2021-ல் இந்தத் தடத்தில் மெட்ரோ ரயில் ஓட ஆரம்பித்தது, இப்போது சுமார் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் இருக்கிறது. மழை வலுத்தால் படியேறிவிடலாம். மெட்ரோ பாலத்துக்குக் கீழே ஒதுங்கி நடந்தால் நனையமாட்டோம் என்று மட்டும் நினைக்காதீர்கள். காற்றடித்தால் சாரல் குறுக்கேதான் வரும், வண்டிகளுக்கு நடுவில் வேறு மாட்டிக்கொள்வீர்கள்.

தேரடி வந்ததும் தியாகராஜர் கோயிலின் மாட வீதிகளை ஒரு சுற்று வந்தால் நடை நிறைவாக இருக்கும். எண்ணூர் விரைவு சாலைப் பக்கம் மழையோடு போக வேண்டாம். கன்டெய்னர் லாரி ஓட்டுநருக்கு வண்டியை ஒட்டி இடதுபக்கம் வருபவர் வெயில் நாளிலேயே சரியாகத் தெரியமாட்டார். சுரங்கப்பாதை எதையும் வழியில் சேர்க்காதீர்கள். கணேசபுரம் சுரங்கப்பாதை எவ்வளவு சீக்கிரம் நிரம்பும் என்று வியாசர்பாடிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

போகிற வழியில் தெருவில் தண்ணீர் நின்றால் இறங்கி நடக்கலாமா? ஒருத்தி போகலாம் என்கிறாள், இன்னொருத்தி பயப்படுகிறாள்.
– வாசகி, வியாசர்பாடி

பயப்படுகிறவர் பேச்சைக் கேளுங்கள். நாலு பேரில் ஒருவர் திரும்பலாம் என்றால் நாலு பேரும் திரும்புவது என்று கிளம்பும்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குள் நின்றுகொண்டு வாதாட முடியாது.

கணுக்காலுக்குக் கீழே, தரை கண்ணுக்குத் தெரிகிற தண்ணீர் என்றால் நடக்கலாம். கலங்கலாகி, நடைபாதைக் கல்லின் விளிம்பு மறைந்துவிட்டால் இறங்கக்கூடாது. ஓடுகிற தண்ணீராக இருந்தால் அரையடி ஆழமே ஆளைத் தடுமாற வைக்கும்.

இறங்கித்தான் ஆகவேண்டும் என்றால் முதலில் ஒரு நிமிடம் நின்று தண்ணீரின் மேல்பரப்பைப் பாருங்கள். மிதக்கும் டீ கப்போ காய்ந்த இலையோ ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தால் கீழே மூடி இல்லாத குழி தண்ணீரை உறிஞ்சுகிறது. குமிழ் விட்டுக்கொண்டே இருந்தால் பாதாள சாக்கடை பொங்குகிறது, மூடி நகர்ந்திருக்கலாம். ஆட்டோவின் சக்கரம் போன தடம் ஓரத்தைவிட நம்பகமானது, ஏனென்றால் மழைநீர் வடிகால் ஓரத்தில்தான் ஓடுகிறது. மடக்கிய குடையால் முன்னால் தட்டிப் பார்த்தபடி ஒருவர் போக, மற்றவர்கள் இரண்டடி விட்டு அதே தடத்தில் வரிசையாக வரவேண்டும். கைகோத்துப் பக்கவாட்டில் போனால் நாலு பேருக்கும் நாலு புதுத் தடம்.

மழை விட்டபிறகும் தண்ணீர் ஏறினால் ஆச்சரியப்பட வேண்டாம். வடசென்னையில் பக்கிங்காம் கால்வாய்க்குப் போகும் தண்ணீர் எண்ணூர் முகத்துவாரம் வழியாகத்தான் கடல் சேரவேண்டும். கடல் ஏற்றத்தில் இருக்கும்போது அது வடியாமல் தேங்கி நிற்கும். போகும்போது காய்ந்திருந்த தெரு, திரும்பும்போது முழங்கால் அளவு நிற்கலாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து கரன்ட். தெருவோர மின்பெட்டி, விளக்குக் கம்பம், கடை வாசல் தகரப் பலகை எதையும் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள். காலில் சுர்ரென்று ஏறுவது தெரிந்தால் எட்டிக் கால் வைக்கவே கூடாது. இரண்டு பாதங்களுக்கும் நடுவே தூரம் கூடக்கூட உடம்பில் பாயும் மின்சாரமும் கூடும். பாதங்களைச் சேர்த்தபடி, தரையை விட்டுத் தூக்காமல், அங்குலம் அங்குலமாக வந்த வழியே நகருங்கள். விழுந்தவரைக் கையால் தொட்டு இழுக்காதீர்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்கு உடனே சொல்லுங்கள். திறந்த குழி, தேங்கிய தண்ணீர் என்றால் மாநகராட்சியின் 1913.

மழை நாளில் காசிமேட்டுக் கடலைப் பார்க்க நண்பர்களோடு போகலாமா?
– வாசகர், ராயபுரம்

துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். 1, 2 என்றால் கடலில் தூரத்தில் ஏதோ உருவாகிறது. 3 ஏறிவிட்டால் நம் துறைமுகத்துக்கே எச்சரிக்கை, வீட்டிலேயே இருங்கள். கூண்டு இல்லாத நாளிலும் தூண்டில் வளைவுக் கற்கள்மேல் ஏறக்கூடாது. பாசியும் மழையும் சேர்ந்தால் எந்தச் செருப்புக்கும் அங்கே பிடிப்பு கிடையாது. ஏலம் நடக்கும் இடத்தில் தரையெல்லாம் செதிலும் ஐஸ் தண்ணீரும். வேலை செய்கிறவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நில்லுங்கள்.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்துத்தான் வெளியே வரவேண்டும்.

ஷூவா, செருப்பா? குடையா, ரெயின்கோட்டா?
– வாசகி, பெரம்பூர்

குதிகாலில் பட்டை உள்ள ரப்பர் சாண்டல். ஹவாய் செருப்பு சேற்றில் கழன்று போகும், கேன்வாஸ் ஷூ நனைந்தால் கனக்கும். ஜீன்ஸும் அப்படித்தான். நாலு பேருக்கு நாலு குடை வேண்டும், ஒரு குடையில் இருவர் என்றால் இருவருக்கும் ஒரு தோள் நனையும். குடைக்கம்பி நுனி பக்கத்தில் வருபவர் கண் உயரத்தில் இருக்கும், ஒரு கை தூரம் விடுங்கள். காற்று பலமாக இருந்தால் ரெயின்கோட்தான். ஷூ நனைந்துவிட்டால் பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, ஈரம் ஏற ஏற மாற்றி, நிழலில் உலர்த்துங்கள். அடுப்புப் பக்கம் வைத்தால் அடிப்பகுதிப் பசை விட்டுவிடும்.

நடந்து முடித்ததும் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிடுவது எங்கள் வழக்கம். மழைக்கு ஆகுமா?
– வாசகர், வண்ணாரப்பேட்டை

அத்தோ கடையிலேயே வாழைத்தண்டு சூப் இருக்கும். மழை நாளில் அதைக் கொதிக்கக் கொதிக்க வாங்கிக் குடியுங்கள். அத்தோவில் பச்சை முட்டைகோஸ் சேரும், கையால் பிசைவார்கள். தண்ணீர் சுத்தம் சந்தேகமான வாரங்களில் தள்ளிவையுங்கள்.

சாப்பிடுவதற்கு முன்னால் காலைப் பாருங்கள். தேங்கிய தண்ணீரில் நடந்திருந்தால் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கைத் துணியால் ஒற்றிக் காயவிடுங்கள். சேற்றுப்புண் அங்கேதான் தொடங்கும். காலில் வெடிப்போ காயமோ உள்ளவர் அந்தத் தண்ணீரில் இறங்கவே கூடாது, எலிக்காய்ச்சல் கிருமி காயத்தின் வழியாக எளிதில் நுழையும். ஒன்று, இரண்டு வாரத்தில், சில சமயம் ஒரு மாதம் கழித்துக்கூட, காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். டாக்டரிடம் போனதும் வெள்ளத் தண்ணீரில் நடந்ததை முதலில் சொல்லுங்கள். கூட நடந்த மூன்று பேருக்கும் போன் போட்டுச் சொல்லுங்கள்.