பட்டறை கேள்வி – பதில்: துளை ஏன் சாய்கிறது?

கேள்வி: பழைய உத்தரத்தை அறுத்து ஊஞ்சல் பலகை செய்திருக்கிறோம். தேக்கு, 2 அங்குல கனம். நான்கு மூலையிலும் 4 நூல் (அரை அங்குல) போல்ட் போக ஓட்டை வேண்டும். முதல் ஓட்டையைக் கை ட்ரில்லில் போட்டதில், மேலே குறித்த இடத்தில் சரியாக இறங்கி, அடியில் ஒரு நூல் தள்ளி வெளியே வந்துவிட்டது. ஸ்டாண்டு ட்ரில் இல்லாமல் மீதி மூன்றையும் நேராகப் போட வழி உண்டா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உண்டு. 2 அங்குலத்தில் ஒரு நூல் தள்ளியது என்றால் மெஷின் மூன்றரை டிகிரி சாய்ந்திருக்கிறது. எந்தப் பக்கம் தள்ளியது என்று பலகையைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் நீங்கள் நின்ற பக்கமோ, அதற்கு நேர் எதிர்ப்பக்கமோதான் இருக்கும். இடவலமாகச் சாய்ந்தால் கண் உடனே பிடித்துவிடும். நம்மை நோக்கிச் சாய்வதும் நம்மை விட்டு விலகிச் சாய்வதும் நின்ற இடத்திலிருந்து தெரியவே தெரியாது. மூலைமட்டத்தை (செங்கோணம் பார்க்கும் ‘L’ வடிவக் கருவி) பக்கத்தில் நிறுத்தி வைத்தும் ஓட்டை கோணியது என்று சொல்பவர்கள் ஒரே ஒரு மட்டத்தை நிறுத்தியிருப்பார்கள். இரண்டு வேண்டும்: ஒன்று உங்களுக்கு எதிரே, இன்னொன்று பக்கவாட்டில். பக்கவாட்டு மட்டத்தைப் பார்த்துச் சொல்ல வீட்டில் ஒருவரைக் குனிந்து நிற்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று: சாய்வு முதல் அரை சென்டிமீட்டரிலேயே முடிவாகிவிடும். அதற்குப் பிறகு துளையே பிட்டை (மெஷினில் மாட்டும் துளையூசி) பிடித்துக்கொள்ளும். பாதியில் மெஷினை நிமிர்த்தினால் துளை நேராகாது. வாய் முட்டை வடிவில் அகலும், மெல்லிய பிட்டாக இருந்தால் ஒடியும். ஆகவே பாடெல்லாம் தொடக்கத்தில்தான்.

மூன்று ஓட்டைக்கும் கண்ணை நம்ப வேண்டாம், ஒரு மூலைக் கட்டை செய்துகொள்ளுங்கள். நன்றாக இழைத்த இரண்டு தேக்குத் துண்டு, ஒவ்வொன்றும் ஒன்றரை அங்குல உயரம். இரண்டையும் ‘ட’ போல மரப்பசையும் திருகாணியும் வைத்து மூலை சேருங்கள். உள்மூலைக் கோடு அடித்தளத்துக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று மூலைமட்டத்தால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மயிரிழை தவறினாலும் அந்தத் தவறு மூன்று ஓட்டையிலும் அப்படியே ஏறும். குறித்த இடத்தில் குத்தூசியால் ஆழமாக ஒரு குழி போடுங்கள். பிட்டின் முனையைக் குழியில் நிறுத்தி, உள்மூலை பிட்டின் உடலைத் தொடும் வரை கட்டையை நகர்த்தி, சி கிளாம்பால் இறுக்குங்கள். மூலையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் பிட் மரத்தை அரிக்காது. பிட் மூலையை ஒட்டியே சுழல வேண்டும், அதில் அழுத்தக் கூடாது. மூலை தேய்ந்துவிட்டால் தூக்கிப் போட்டு வேறு செய்யுங்கள்.

உயரம் ஏன் ஒன்றரை அங்குலம்? கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 8 மி.மீ. பிட்டின் மொத்த நீளம் 117 மி.மீ. சக்குக்குள், அதாவது பிட்டைக் கவ்வும் மெஷின் வாய்க்குள், 30 போய்விடும். கட்டைக்கு 38 போனால் மரத்துக்குள் இறங்க ஏறக்குறைய 49தான் மிச்சம். உங்கள் பலகையின் கனம் 51. அந்தக் கடைசி 2 மி.மீ.க்குக் கட்டையைக் கழற்றிவிடலாம், அதற்குள் துளை வழி காட்டப் பழகியிருக்கும். 3 அங்குல உயரத்தில் கட்டை செய்து வைத்துக்கொண்டு ‘பிட் மரத்தில் அரை அங்குலம்கூட இறங்கவில்லை’ என்று புலம்புபவர்கள் அதிகம். 4 மி.மீ. பிட்டின் மொத்த நீளமே 75 மி.மீ.தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆக, மூலைக் கட்டையோடு 8 மி.மீ. துளை. பிறகு கட்டையை எடுத்துவிட்டு அதே துளையில் 13 மி.மீ. பிட். முறுக்குப் பிட் (திருகு வரி ஓடும் சாதாரண பிட்) பழைய துளையின் வழியிலேயே போகும். நடுவில் முள் உள்ள மரப் பிட்டும், தட்டைப் பிட்டும் அப்படிப் போகாது. முள்ளை விடப் பெரிய துளை ஏற்கெனவே இருந்தால் முள்ளுக்குப் பிடி கிடைக்காமல் வாயிலேயே அலைந்து சுற்றுப்புறத்தைக் கிழிக்கும்.

மெஷினில் சுத்தியல் படம் போட்ட பொத்தான் இருந்தால், அது ட்ரில் படத்தின் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். சுவருக்காகத் திருப்பியதை மறந்து மரத்தில் இறக்குவது வீடுகளில் அன்றாடம் நடக்கிறது. அடித்துக்கொண்டே சுழலும் பிட் குறித்த குழியை விட்டுத் துள்ளும். சக்கின் ஒரே ஓட்டையில் சாவி போட்டு இறுக்காமல், அதன் மூன்று ஓட்டையிலும் மாற்றி மாற்றி இறுக்குங்கள். பிட் வளைந்திருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால் கண்ணாடி மேல் உருட்டினாலே போதும், வளைந்தது தத்தித் தத்தி உருளும்.

அடியில் சிம்பு பெயராமல் இருக்க வேஸ்ட் பலகை ஒன்றை அடிக்குக் கொடுத்து இரண்டையும் சேர்த்து இறுக்குங்கள். பலகை ஓரத்திலிருந்து 3 அங்குலமாவது உள்ளே தள்ளிக் குறியுங்கள். ஆள் உட்கார்ந்து ஆடும் பலகை, நுனிக்கு அருகில் போட்டால் இழை வாக்கில் பிளக்கும்.

கோணிய முதல் ஓட்டையை அப்படியே விட வேண்டாம். போல்ட் சாய்ந்து நின்றால் வாஷர் ஒரு விளிம்பில் மட்டும் உட்காரும், ஆட ஆட நட்டு தளரும். அதே தேக்கில் உருண்டை முளை கடைந்து, மரப்பசை தடவி அடித்து, ஒரு நாள் காயவிட்டு, மட்டமாக அறுத்துவிட்டு, மூலைக் கட்டையோடு புதிதாகப் போடுங்கள்.

கேள்வி: பழைய சி.டி.யை வைத்தால் நேர் துளை விழும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: உண்மைதான், பாதி. சி.டி.யின் நடு ஓட்டை 15 மி.மீ. இருக்கும். பளபளக்கும் பக்கம் மேலே இருக்கும்படி மரத்தில் வைத்து, ஓட்டைக்குள் பிட்டை இறக்கினால், பிட்டும் அதன் பிம்பமும் ஒரே கோடாகத் தெரிய வேண்டும். முறிந்து தெரிந்தால் சாய்வு. ஆனால் நீங்கள் பார்க்கும் திசையிலேயே மெஷின் சாய்ந்திருந்தால் பிம்பமும் அதே திசையில் சாய்ந்து கோடு நேராகவே தோன்றும். தலையை கால் வட்டம் நகர்த்தி இன்னொரு பக்கமிருந்தும் பார்த்த பிறகே பொத்தானை அழுத்துங்கள்.

கேள்வி: திண்ணைத் தூணில், 4 அங்குல சதுரக் கட்டை, போல்ட் போட வேண்டும். ஒரே பக்கத்திலிருந்து போட்டால் மறுபக்கம் எங்கோ வருகிறது.
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: 4 அங்குலத்தில் ஒரு டிகிரி சாய்ந்தாலே 1.8 மி.மீ. தள்ளும். ஒரே பக்கத்திலிருந்து போட வேண்டிய கட்டாயம் இல்லை. மூலைமட்டத்தால் நான்கு முகத்தையும் சுற்றி ஒரே மட்டத்தில் கோடு போட்டு, எதிரெதிர் முகங்களில் மையம் குறியுங்கள். இரண்டு பக்கமிருந்தும் மூலைக் கட்டையோடு 8 மி.மீ. துளை, பாதிப் பாதி. நடுவில் சந்திக்கும் இடத்தில் ஒரு மி.மீ. முன்பின் இருந்தாலும் பாதகமில்லை. 13 மி.மீ. பிட்டையும் இரண்டு பக்கமிருந்தே இறக்குங்கள், மிச்சப் படியை உருண்டை அரத்தால் ராவிவிடலாம். இந்த முறையில் முகத்தில் தெரியும் இரண்டு வாயும் குறித்த இடத்திலேயே இருக்கும், சிம்பும் பெயராது.

கேள்வி: கஜா புயலில் விழுந்த தென்னையை அறுத்து வைத்த பலகை இருக்கிறது. தேக்கில் ஒழுங்காகப் போகும் பிட் இதில் மட்டும் வழுக்கிப் போகிறது.
– வாசகர், பேராவூரணி

பதில்: தென்னையில் தேக்கைப் போல வளையம் கிடையாது. கறுத்த கெட்டி நார்க்கட்டுகள், அவற்றுக்கு இடையில் மெத்தென்ற சோறு. நார்க்கட்டின் தோளில் இறங்கும் பிட் மெத்தென்ற பக்கம் சறுக்கத்தான் செய்யும். பட்டைப் பக்கம் நார் நெருக்கம் என்பதால் அங்கே பிட் திணறும், உள்பக்கம் பொசுக்கென்று இறங்கும். ஒரே பலகையில் ஒரு ஓரம் கெட்டி, மறு ஓரம் மென்மை என்றால் பிட் மென்மைப் பக்கம் இழுக்கும். முறுக்குப் பிட்டை ஒதுக்கிவிட்டு நடுவில் முள் உள்ள மரப் பிட்டை வாங்குங்கள். முள் முதலில் ஊன்றி நிற்க, ஓரப்பற்கள் நாரை வட்டமாக அறுத்துவிடும். மூலைக் கட்டையும் கட்டாயம். அரை அங்குலத்துக்கு ஒரு முறை பிட்டை வெளியே எடுத்துத் தும்பைத் தட்டுங்கள், அடைத்தால் புகைந்து கறுக்கும். தென்னை பிட்டின் முனையைச் சீக்கிரம் மழுக்கும், நல்ல பிட்டை இதில் கடைசியாகப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: நரசிங்கம்பேட்டையில் நாகசுரத்துக்கு இரண்டரை அடி ஆச்சா மரத்தில் துளை போடுகிறார்கள். அது கோணாதா? குழலில் விரல் துளைகளைக் கை ட்ரில்லில் போடலாமா?
– வாசகர், ஆடுதுறை

பதில்: கடைசலில் சுழல்வது கட்டை, கருவி நிற்கிறது. அங்கேதான் வித்தியாசம். கருவி மையத்தை விட்டு விலகப் பார்த்தால், சுழலும் மரம் எல்லாப் பக்கமும் சமமாகத் தள்ளி மறுபடி மையத்துக்குக் கொண்டுவரும். கை ட்ரில்லில் மரம் நிற்கிறது, விலகிய பிட்டைத் திருத்த யாரும் இல்லை. அதே நீளத் துளையைக் கையால் முயல வேண்டாம்.

விரல் துளை வேறு சங்கதி, உருண்டைப் பரப்பில் பிட் வழுக்குவதுதான் சிக்கல். பலகையில் ‘V’ வடிவப் பள்ளம் வெட்டி அதில் குழலைப் படுக்க வைத்து உருளாமல் கட்டுங்கள். குழலின் உச்சிக்கோட்டை நூல் பிடித்துக் குறித்து, குத்தூசிக் குழி போட்டு, 3 மி.மீ. பிட்டில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்குங்கள். உள்ளே குழலின் துளைக்குப் பொருந்தும் உருண்டைக் குச்சி ஒன்றைச் செருகி வைத்தால் பிட் உட்சுவரில் புகும்போது சிம்பு பெயராது. அளவான நாகசுரத்தை உங்கள் முதல் முயற்சிக்குத் தேர்ந்தெடுக்காமல், பூவரசுத் துண்டு ஒன்றில் நாலைந்து துளை போட்டுப் பாருங்கள்.