வரப்பை வெட்டும் வேலை

அன்புள்ள அக்கா,

பிக் பேசின் மாநிலப் பூங்காவில் நடைபாதை சீர்செய்யப் போனதாக எழுதியிருந்தீர்கள். படித்ததும் என் பன்னிரண்டு வயது மகளை அழைத்துக்கொண்டு வர ஆசை வந்தது. ஆனால் ஒரு விஷயத்தில் மனம் ஒப்பவில்லை. கலிபோர்னியாவில் நாம் கட்டும் வரி கொஞ்சமல்ல. ஆள் வைத்து, சம்பளம் கொடுத்து அரசு செய்யவேண்டிய வேலையை நாம் சும்மா செய்துகொடுத்தால், அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம் கையை விரிக்க மாட்டார்களா? 2012-இல் பணத்தை வைத்துக்கொண்டே இல்லையென்றவர்கள்தானே?

ஆர்., ஃப்ரீமாண்ட்

அன்புள்ள ஆர்.,

உங்கள் கோபம் நியாயமானது. 2011-இல், மாநிலத்தின் 278 பூங்காக்களில் 70-ஐ மூடப்போவதாக அறிவித்தார்கள். ஊர் ஊராகப் பூங்கா நண்பர்கள் குழுக்கள் உண்டியல் ஏந்தின. மார்கன் ஹில் ஊருக்கு மேலே 87,000 ஏக்கரில் பரந்து கிடக்கும் ஹென்றி கோ பூங்காவுக்காக மூன்றாண்டுச் செலவைத் திரட்டிக் கொடுக்க ஆள் கிளம்பியது. சோனோமாவில் ஜாக் லண்டன் பூங்காவை ஒரு தன்னார்வ அமைப்பு முழுதாகவே ஏற்று நடத்தத் தொடங்கியது. இத்தனையும் ஆனபிறகு, 2012 ஜூலையில், பூங்காத் துறையின் இரண்டு கணக்குகளில் சுமார் 5.4 கோடி டாலர் நிதித்துறைக்குக் காட்டாமல் கிடந்தது வெளியே வந்தது. இயக்குநர் பதவி விலகினார். கொடுத்தவர்களுக்கு வயிறு எரிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். அந்தக் குழுக்கள் கலைந்து வீட்டுக்குப் போய்விடவில்லை. அந்த ஆண்டே, இரண்டு வருடத்துக்கு எந்தப் பூங்காவையும் மூடக்கூடாது என்று சட்டமன்றம் சட்டம் போட்டது. ஒரு காட்டில் எந்த மரப்பாலம் இற்றுப்போயிருக்கிறது, எந்தக் கழிப்பறைக்கு மூன்று மாதமாகத் தண்ணீர் வரவில்லை என்று குறிப்பாகச் சொல்லிக் கேட்க ஆள் வேண்டும். வரி கட்டுகிற எல்லோருக்கும் கேட்கும் உரிமை உண்டு. எதைக் கேட்பது என்று தெரிய, அங்கே போய்க் கையில் மண் பட்டிருக்க வேண்டும் என்பது என் அனுபவம்.

அரசின் வேலையை நாம் வாங்கிக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். பிக் பேசினைப் பொறுத்தவரை, அரசுக்கு அந்த வேலையை வைத்ததே தன்னார்வலர்கள்தான். 1900-இல் சான் ஹோஸே புகைப்படக்காரர் ஆண்ட்ரூ ஹில், ஃபெல்டன் பக்கம் தனியார் தோப்பு ஒன்றில் வானளாவ வளரும் ரெட்வுட் மரங்களைப் படம் எடுத்தார். தோப்புக்காரர் மறித்து, எடுத்த நெகட்டிவ்களைக் கொடு என்றார். இந்த மரங்கள் ஒரு ஆளுக்குச் சொந்தமாக இருக்கலாமா என்ற ஆத்திரம் ஹில்லை விடவில்லை. அந்த மே மாதமே சிலரைக் கூட்டிக்கொண்டு பிக் பேசின் காட்டுக்குள் போனார். ஒரு பாறையடியில் உட்கார்ந்து செம்பர்வைரன்ஸ் கிளப் என்று ஒரு சங்கத்தை ஆரம்பித்தார்கள். தொப்பியைச் சுற்றுக்கு விட்டதில் சேர்ந்தது 32 டாலர். அடுத்த ஆண்டு மாநிலச் சட்டமன்றம் அந்தக் காட்டை வாங்க 2,50,000 டாலர் ஒதுக்கியது. 1902-இல் பூங்கா வந்தது. இன்றிருக்கும் கலிபோர்னியா மாநிலப் பூங்காக்களில் அதுதான் மூத்தது. முப்பத்திரண்டு டாலரை வைத்துக்கொண்டு அவர்களே காட்டை வாங்கிவிட நினைத்திருந்தால் ஒரு மரம்கூடத் தேறியிருக்காது. அரசை வாங்க வைத்தார்கள்.

ஒரு இடத்தில் நான் உங்கள் கட்சி. பூங்கா முழுவதையும் குழுக்களின் தலையில் கட்டுவது சரியல்ல. சோனோமாவில் அள்ளிக் கொடுக்க வசதியானவர்கள் இருக்கிறார்கள். டுலேர் மாவட்டத்து ஆலன்ஸ்வொர்த், 1908-இல் கறுப்பின மக்கள் தாங்களே நிறுவிய ஊர். இன்று மாநில வரலாற்றுப் பூங்கா. சுற்றிலும் இருப்பவர்கள் வயல்கூலிகள். அங்கே உண்டியல் ஏந்தினால் யார் போடுவது? ரேஞ்சர் சம்பளமும் கட்டடமும் கழிப்பறையும் அரசின் கடமை. இதை ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறேன்.

மற்றபடி, அங்கே என்னதான் செய்கிறோம் என்று நீங்கள் பார்க்க வேண்டும். 2020 ஆகஸ்ட் காட்டுத்தீயில் பிக் பேசின் நூற்றுக்கு 97 பங்கு எரிந்தது. 2022 ஜூலையில் ஒரு சிறு பகுதியைத்தான் திறக்க முடிந்தது. கரியாய் நிற்கும் ரெட்வுட்கள் அடிமுதல் உச்சிவரை பச்சைத் துளிர் விட்டிருக்கின்றன, உடம்பெல்லாம் கம்பளி போர்த்தியதுபோல. நடைபாதையின் நடுப்பகுதி மிதிபட்டுப் பள்ளமாகும். பள்ளச்சரிவுப் பக்க ஓரத்தில் மண் சேர்ந்து வரப்புபோல உயரும். மழைத் தண்ணீர் வெளியே வழிய முடியாமல் பாதையிலேயே ஓடி, அதை ஓடையாக அறுத்துவிடும். அந்த வரப்பை வெட்டி எடுப்பதுதான் எங்கள் வேலை. மெக்லவுட் என்று ஒரு கருவி: ஒரு பக்கம் மண்வெட்டி, மறுபக்கம் வாரி. என் தாத்தா வரப்பில் நண்டு வளை தேடித் தேடி மண் அடைப்பார், தண்ணீர் போய்விடக் கூடாதென்று. நான் இங்கே தண்ணீர் போக வரப்பைக் கழித்துக்கொண்டிருந்தேன். எழுபது வயதைத் தாண்டிய எங்கள் குழுத்தலைவி ஒவ்வொரு பத்தடிக்கும் நின்று, குடிதண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து பாதையில் கொஞ்சம் ஊற்றுவார். தண்ணீர் குறுக்கே ஓடிச் சரிவில் இறங்கினால் தலையசைத்துவிட்டு நகர்வார். தேங்கினால் மறுபடி வெட்ட வேண்டும். மூன்று இடத்தில் எனக்குத் தேங்கியது.

ஒருமுறை வந்து பாருங்கள். அதற்குப் பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால் எழுதுங்கள், அதையும் வெளியிடுகிறேன். மகளுக்கு முழுக்கைச் சட்டையும் நீளக் கால்சட்டையும் போட்டுவிடுங்கள். மூன்று மூன்று இலையாய் இருக்கும் பாய்சன் ஓக் பட்டால் வாரக்கணக்கில் அரிக்கும். கையுறை அங்கேயே தருவார்கள். தண்ணீர் மட்டும் ஒரு பாட்டில் கூடுதலாகக் கொண்டுவாருங்கள், ஊற்றிப் பார்க்க.

அன்புடன்,
அக்கா